தலைக்கணக்கும் தொலைவுக்கணக்கும்: தேனி மலைக் குடியிருப்புகளில் உள்ளாட்சி

கம்பம் ஊராட்சி ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகள் மொத்தமே ஐந்துதான். அவற்றில் ஒன்று சுருளிப்பட்டி. திராட்சைப் பந்தல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே வீடுகள் நெருங்கி அமைந்த ஊர். ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் பதித்தால் இருபுறத்து வீடுகளுக்கும் தண்ணீர் வந்துவிடும். ஒரு தெருவிளக்கின் கீழே பத்துப் பேர் நடப்பார்கள். சான்றிதழுக்கோ மனு கொடுக்கவோ கம்பத்துக்குப் பேருந்தில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம்.

சுருளி அருவிக்குப் பின்னால் எழும் மலைத்தொடருக்குள் போனால் இந்தக் கணக்கு செல்லாது. மேகமலையின் தேயிலை எஸ்டேட் லயன் வீடுகள், வருசநாட்டு மலையில் அரசரடியும் வெள்ளிமலையும், போடிக்கு மேலே கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்த முதுவாக்குடியும் சென்ட்ரல் ஸ்டேஷனும், போடி ஒன்றியத்தின் அகமலை ஊராட்சிக் குடியிருப்புகள் என்று எல்லாமே சிதறிக் கிடப்பவை. இங்கே பத்து வீடு, ஒரு மலை தாண்டி பதினைந்து வீடு. காப்பி, ஏலம், இலவம் பஞ்சுதான் பிழைப்பு. சில இடங்களுக்கு ஜீப் போகும், சில இடங்களுக்குக் கால்நடைதான். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இன்றும் அங்கே பழங்கதை ஆகிவிடவில்லை. தேர்தல் வந்தால் போடி மலையின் வாக்குச்சாவடிகளுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் ஏறுகிறது.

ஆட்கள் அருகிய நிலத்தில் அரசு எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்வியை உலகம் பெரும்பாலும் பாலைவனங்களை வைத்தே பேசியிருக்கிறது. தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. ஆனால் தொலைவு, ஆள் குறைவு, தலைக்குக் கூடும் செலவு, அலுவலர் தங்க மறுக்கும் பணியிடம் ஆகிய நான்கும் சேர்ந்தால் மணலும் மலையும் நிர்வாகத்துக்கு ஒன்றே. தேனி மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களில் 130 கிராம ஊராட்சிகள் உள்ளன. அவற்றில் மிகப் பல சுருளிப்பட்டியைப் போன்றவை. விதிகள் எல்லாம் அந்தப் பலவற்றுக்காக எழுதப்பட்டன. மீதியுள்ள சில ஊராட்சிகளில் அதே விதிகள் எங்கே உடைகின்றன, எது தாக்குப்பிடிக்கிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது.

தலையை எண்ணும் விதிகள்

பொதுச் சேவை எதுவானாலும் அதன் அடியில் ஒரு மக்கள்தொகை வரம்பு இருக்கும். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் முறையே 30,000 பேருக்கும் 20,000 பேருக்கும். சலுகை காட்டியதுபோல் தெரியும். ஆனால் 3,000 பேரைச் சேர்க்க மூன்று மலைகளை வளைத்துப் போட வேண்டிய இடத்தில், அந்த நிலையம் எங்கே அமைந்தாலும் பெரும்பாலோருக்கு அது தொலைவாகவே இருக்கும்.

சாலை விதி இன்னும் நுட்பமாக ஏமாற்றுகிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளை இணைக்க முன்வந்தது. மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளுக்கு வரம்பு 250. இங்கே மலை என்றால் இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள். பழங்குடிப் பகுதி என்றால் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள். தமிழ்நாடு மலை மாநிலமும் இல்லை, இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் இல்லை. ஆகவே அகமலை மேகத்தைத் தொட்டாலும் அந்த விதியின் கண்ணுக்குச் சமவெளிதான்.

அட்டவணைப் பகுதி இல்லாததால் வேறொரு இழப்பும் உண்டு. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் 100 பேர் வாழும் குடியிருப்புக்கும் சாலை தர முன்வந்தது. ஆனால் அது மிக நலிவுற்றவர்கள் என வகைப்படுத்தப்பட்ட பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு இனங்கள் உண்டு. தேனி மலைகளில் வாழும் பளியரும் முதுவரும் அதில் இல்லை.

நிதியும் தலையைத்தான் எண்ணுகிறது. 15ஆவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்புக்கு 10 சதவீதமும் எடை தந்தது. மாநிலத்துக்குள் ஒவ்வொரு ஊராட்சிக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு என்பது ஓர் ஆறுதல். அதற்கு மேல் மறுபடி தலைக்கணக்குத்தான்.

இந்தப் போக்குக்கு ஒரு நல்ல விதிவிலக்கைத் தமிழ்நாடே செய்து காட்டியிருக்கிறது. 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சியை அலகாக வைத்து நிதி தந்தது. மூன்று குக்கிராமம் கொண்ட ஊராட்சிக்கும் முப்பது குக்கிராமம் கொண்ட ஊராட்சிக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. 2011-12இல் அதன் இடத்துக்கு வந்த தமிழ்நாடு குக்கிராமங்கள் மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமாகத் 'தாய்', குக்கிராமத்தை அலகாக்கியது. 12,524 ஊராட்சிகளில் 79,394 குக்கிராமங்கள் கணக்கிடப்பட்டன. குக்கிராமம் கூடினால் நிதி கூடும் என்று விதி மாறியது. சிதறிய ஊராட்சிகளின் நிலையைக் கணக்கில் எடுத்த முதல் பெரிய திட்டம் இதுதான். அதிலும் ஒரு குறை இருந்தது. சாலையோரக் குக்கிராமமும் நான்கு மணி நேர ஏற்றத்தில் உள்ள குக்கிராமமும் அதில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஒரு மூட்டை சிமெண்டை மேலே கொண்டு சேர்க்க ஆகும் குதிரைக் கூலி எந்த மதிப்பீட்டிலும் வரவில்லை.

பணம் இருந்தும் போட முடியாத சாலை

தேனி மலையில் பல சாலைகள் நின்றுபோவது பணம் இல்லாமல் அல்ல. நிலம் வனத்துறையுடையது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறுவது ஊராட்சித் தலைவரால் ஆகிற காரியம் இல்லை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு வருசநாட்டு மலையில் கெடுபிடி இன்னும் கூடியது. வைகை பிறக்கும் காட்டைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. மதுரை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

காட்டையும் காத்து, காட்டில் வாழ்பவர்களுக்கு அடிப்படை வசதியும் தர ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆவது பிரிவு 13 வகை வசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை, சமுதாயக் கூடம் முதலியவை அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமே எடுக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். டெல்லிக்குக் கோப்பு போக வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் கிராம சபையைப் பார்க்கும் விதமும் வேறு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கிராம சபை என்பது முழு ஊராட்சிக்கும் ஒன்று. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வர வேண்டும். மலை ஊராட்சியில் அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். வந்தவர்களில் தாய்க்கிராமத்தாரே அதிகம் இருப்பார்கள், தீர்மானமும் அவர்களுடையதாகவே இருக்கும். வன உரிமைச் சட்டமோ பழைய குடியிருப்புகளையும் அளக்கப்படாத ஊர்களையும் தனிக் கிராமங்களாக ஏற்கிறது. எட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் மரத்தடியிலேயே கூடி முடிவெடுக்க இடம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்ததால், இந்தப் பிரிவைக் கையாளும் பழக்கமே அலுவலகங்களில் வளராமல் போயிற்று.

முதலாளி நடத்திய ஊர்

மலைமேல் வசதி கொண்டு செல்ல முடியாது என்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு ரயிலைத் தேடினால் கிடைக்காது. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கிய கம்பிவடத் தடத்தின் நடு நிலையம் அது. பிரிட்டிஷ் கம்பெனிக்குத் தேயிலை இறங்க வேண்டியிருந்தபோது மலைமேல் கம்பிவடம் ஓடியது, குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயிலே ஓடியது. 1924 வெள்ளம் ரயிலை அழித்தது. பிறகு கம்பிவடமும் போயிற்று. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இன்று மிஞ்சியிருப்பது நடைபாதை. டாப் ஸ்டேஷனுக்கு மோட்டார் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்து மூணாறு வழியாகத்தான் போக வேண்டும்.

மேகமலையின் கதை வேறு. மணலாறு, வெண்ணியாறு, மகாராஜமெட்டு, இரவங்கலாறு எஸ்டேட்டுகளில் வீடு, தண்ணீர், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. உள்ளாட்சி செய்ய வேண்டியதை முதலாளி செய்தார். இந்த ஏற்பாட்டில் ஒரு பலம் உண்டு, சேவை தருபவர் மலையிலேயே இருந்தார். பலவீனமும் அதிலேயே உண்டு. வேலை போனால் வீடும் தண்ணீரும் சேர்ந்தே போகும். குழாய் வரவில்லை என்று கேட்க வாக்குச்சீட்டு உதவாது.

இந்த எஸ்டேட்டுகள் ஹைவேவிஸ் என்ற பேரூராட்சிக்குள் அடங்குகின்றன. நாற்புறமும் காடு சூழ்ந்த இடம் சட்டப்படி நகர்ப்புறம்! ஊரகத்துக்கு மட்டுமே உரிய நூறு நாள் வேலை அங்கே கிடையாது, கிராமச் சாலைத் திட்டமும் கிடையாது. வகைப்பாடு ஒன்று தவறினால் அதன் கீழ் வரும் திட்டங்கள் வரிசையாகத் தவறுகின்றன.

தனி ஊராட்சி போதுமா?

சிதறிய மக்களுக்குத் தனி உள்ளாட்சி கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டத்தில் முதுவர் வாழும் இடமலைக்குடியை 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரித்துத் தனி ஊராட்சியாக்கினார்கள். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. காட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள். தலைவரும் உறுப்பினர்களும் முதுவர்களிலிருந்தே வந்தார்கள். மின்சாரம் 2017இல் வந்தது. ஆனால் ஊராட்சி அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்தில் இயங்கியது. தங்கள் ஊராட்சியைப் பார்க்க மக்கள் காட்டை விட்டு இறங்க வேண்டியிருந்தது. அதிகாரம் வந்தது, அலுவலர் வரவில்லை.

இதற்கு மாறான நிலை இலங்கையின் நெடுந்தீவில் உள்ளது. யாழ்ப்பாணக் கடலில் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போக வேண்டிய வறண்ட தீவு, மக்கள் சுமார் 4,000. அத்தனை பேருக்கென்றே ஒரு பிரதேச செயலகமும் ஒரு பிரதேச சபையும் தீவிலேயே உண்டு. தலைக்கணக்கில் பார்த்தால் ஆடம்பரம். ஒரு கையெழுத்துக்காகக் கடல் கடக்கும் செலவை மக்கள் தலையில் போடுவதா, அலுவலகத்தை அங்கே வைக்கும் செலவை அரசு ஏற்பதா என்று கேட்டால் அந்த ஆடம்பரத்தின் நியாயம் விளங்கும்.

செலவைச் சுருக்கச் சிறு அமைப்புகளை ஒன்றாக்கிய அனுபவமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பழங்குடிக் குடியிருப்புகளின் பல சிறு மன்றங்களை 2008 ஜூலையில் கலைத்து, சில பெரிய மன்றங்களுக்குள் அடக்கினார்கள். கணக்கு வழக்கு சீராகும் என்பது நோக்கம். முடிவெடுக்கும் இடம் எங்கோ போய்விட்டது, எங்கள் குரல் போய்விட்டது என்று குடியிருப்புகளிலிருந்து எழுந்த குறை இன்றுவரை ஓயவில்லை.

பாலைவனங்களின் பாடம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம் தமிழ்நாட்டுப் பரப்பில் கால்பங்குக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 6.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். தமிழ்நாட்டில் அந்த எண் 555. ஊராட்சி அமைப்பதற்கான மக்கள்தொகை வரம்பைப் பாலைவன மாவட்டங்களுக்கு ராஜஸ்தான் தளர்த்தி வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய பாடம் கல்வியில் கிடைத்தது. தொலைவிலுள்ள பள்ளிகளில் ஆசிரியர் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். 1987இல் தொடங்கிய சிக்ஷா கர்மி திட்டம் அந்த ஊரிலேயே ஓரளவு படித்த ஒருவரைத் தேர்ந்து, தொடர்ந்து பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கியது. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடந்தது. பட்டம் குறைவு என்ற விமர்சனம் இருந்தது, ஊதியமும் குறைவு. ஆனால் பள்ளி திறந்திருந்தது.

ஆஸ்திரேலியா தொழில்நுட்பத்தை நம்பியது. 1928இல் பறக்கும் மருத்துவர் சேவையும் 1951இல் வானொலிவழிப் பள்ளியும் அங்கே தொடங்கின. அந்த விமானமும் வானொலியும் பயன்பட்டதற்குக் காரணம், மறுமுனையில் மருந்துப் பெட்டியைத் திறந்து சொன்னபடி செய்ய ஓர் ஆள் இருந்ததுதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாநிலப் பரப்பில் பாதிக்கும் மேலான உள்நிலத்துக்கு நகர மன்றமே கிடையாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே ஆணையம் பொறுப்பேற்று, ஊர்ச் சங்கங்களிடம் பணம் கொடுத்து அவர்கள் மூலமாகவே வேலைகளைச் செய்கிறது. பாலைவனம் இருவேறு கண்டங்களில் இருந்தாலும் அங்கே நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் ஒன்று பொதுவாக இருக்கிறது: ஊரிலேயே வாழும், பொறுப்பும் ஊதியமும் பெற்ற ஒரு மனிதர்.

தேடி வரும் அரசு

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு சேவைகளை வாசலுக்குக் கொண்டுவரும் பாதையில் நடந்திருக்கிறது. 2020இல் 3,501 நகரும் நியாயவிலைக் கடைகள் அறிவிக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கப் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் உள்ளன. டோலிக்கு வேலை வைக்காத எளிய யோசனை அது.

இவற்றில் வண்டியை நம்பியவை வண்டி நிற்கும் இடத்தோடு நிற்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்களை வைத்து நடப்பதால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையைத் தெருக்கோடிவரை கொண்டுபோக முடிகிறது. அதே முறை அடுத்த மலைக்கும் போக, அந்த மலையிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தால் போதும். வாரம் ஒருமுறை கீழே சந்தைக்கு வருகிறவரின் பையில் மாத்திரையும் ஏறிவிடும்.

கணினி வழி வந்தவற்றின் நிலை இருவகை. இ-சேவை, ஒரு சான்றிதழுக்கு மூன்று முறை மலை இறங்குவதை ஒரு முறையாகக் குறைத்தது. ஆனால் ரேஷனுக்கு ரேகை வைக்க வேண்டும், 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காத ஊரில் உழைத்தவர் வராதவராகிவிடுகிறார். முறைகேட்டைத் தடுக்க வந்த கருவி, நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு ஓரத்தில் இருப்பவர்களை முதலில் தடுக்கிறது.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று பேசப்படாமலே போகிறது. மலைக் குடியிருப்பில் பெரும்பாலும் நிரந்தரமாக வாழும் ஒரே அரசு முகம் வார்டு உறுப்பினர்தான். வி.ஏ.ஓ., ஊராட்சி செயலர், செவிலியர் எல்லாரும் வந்து போகிறவர்கள். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் தேர்தல் வரை தேனி உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2025 ஜனவரியில் மறுபடியும் அப்படியே ஆயின. சுருளிப்பட்டிக்காரர் உறுப்பினர் இல்லாவிட்டால் நேரே கம்பம் போய்க் கேட்பார். முதுவாக்குடிக்காரர் யாரிடம் கேட்பார்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, ஹெலிகாப்டருக்கு முன்பே மேலே ஏறிக் காயமடைந்தவர்களைத் தூக்கி வந்தவர்கள் அடிவாரத்து ஊர்மக்கள்தான். அந்த மலையில் முதல் உதவி எங்கிருந்து வரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

கீழே இறங்கி வந்துவிடலாமே?

பத்து வீட்டுக்காகச் செலவழிப்பதைவிட அவர்களைக் கீழே குடியமர்த்துவது மலிவு என்று சொல்பவர்கள் உண்டு. இறங்க விரும்புகிறவருக்கு வழி இருக்க வேண்டும் என்பது சரிதான். புலிகள் காப்பகங்களிலிருந்து தாமாக வெளியேறும் குடும்பத்துக்கு 2021 முதல் 15 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. ஆனால் பளியருக்கும் முதுவருக்கும் பிழைப்பு காட்டில் இருக்கிறது. தலைமுறையாக வாழ்பவர்களை அவர்கள் சம்மதமின்றி எழுப்ப வன உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. வசதியை மறுத்து மறுத்துத் தாமே இறங்கும்படி செய்வது சம்மதம் ஆகாது.

ஆகவே இருக்கிற இடத்திலேயே சேவை தருவது பற்றித்தான் யோசிக்க வேண்டும். இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, ஒவ்வொரு தொலைக் குடியிருப்புக்கும் அங்கேயே வாழும் ஒருவர் பணியாளராக வேண்டும். குடிநீர்த் தொட்டி, மாத்திரை, முதலுதவி, மனு, முதியோர் ஓய்வூதியம் என ஐந்து துறைகள் தனித்தனியே ஆள் அனுப்ப முடியாத இடத்தில், ஐந்து துறையும் சேர்ந்து ஒருவருக்கு முழு ஊதியம் தரலாம். தன்னார்வலர் என்ற பெயரில் அரைச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. இரண்டாவது, வந்து போகும் அலுவலர்களுக்கு நாள் குறிக்க வேண்டும். மாதத்தின் இன்ன நாள் இன்ன ஊர் என்று ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே அறிவித்து, வி.ஏ.ஓ.வும் செவிலியரும் ரேஷன் விற்பனையாளரும் ஒரே நாளில் ஒன்றாக ஏற வேண்டும். மூன்றாவது, வன உரிமைச் சட்டத்தின் 13 வசதிகளுக்கான விண்ணப்பங்களை ஊராட்சி தானே தயாரிக்கக் காத்திருக்காமல் மாவட்ட நிர்வாகம் முன்னின்று செய்ய வேண்டும். நான்காவது, டாப் ஸ்டேஷன் போன்ற எல்லை ஊர்களின் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் தேனியும் இடுக்கியும் கூடிப் பேச வேண்டும். ஏலத்தோட்டக் கூலிக்கு நாள்தோறும் ஜீப்புகள் கடக்கும் எல்லை, ஊசி போடுவதற்கு மட்டும் சுவராக நிற்க வேண்டியதில்லை. ஐந்தாவது, மற்ற ஊராட்சிகளில் எது தள்ளிப்போனாலும் மலை ஊராட்சிகளில் தேர்தல் தள்ளிப்போகக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு, அதற்குச் செலவும் அதிகம் இல்லை. தேனியின் தொலைக் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும், பக்கத்துச் செவிலியர், ரேஷன் கடை, தொடக்கப்பள்ளி, வண்டி வரும் சாலை ஆகியவை எத்தனை மணி நேர நடையில் உள்ளன என்று அளந்து, பட்டியலை ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும். கிலோமீட்டரில் அல்ல, கர்ப்பிணி ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நேரத்தில். மானியத்திலும் பணியிடத்திலும் அந்த நேரத்துக்கு எடை தரும்வரை, கோட்டையில் தீட்டப்படும் நல்ல திட்டங்களும் சுருளிப்பட்டி போன்ற அடிவாரத்து ஊர்களோடு நின்றுவிடும்.